பிற மொழி பயில ஆசைப்படும் பிள்ளை

சென்ற மாதம் ஒரு தாயார் நம்மிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர்களுடைய 12 வயது மகன் பள்ளிக்கூடம் செல்லாமல் வீட்டிலேயே ஹிப்ளும் மற்றப் பாடங்களும் பயின்று வருகிறான். அரபிக்கு நெருங்கிய உறவுடைய மொழி ஹீப்ரு என்று எங்கோ படித்துவிட்டு, அதைக் கற்க வேண்டுமென்று ஆசைப்படுகிறானாம். "பாலஸ்தீன மக்கள் படும் பாட்டைக் கேட்டு அழுகிற வீட்டில் அந்த மொழியா?" என்று பாட்டனார் கடிந்துகொண்டார்களாம். அன்று முதல் பையன் அதைப் பற்றிப் பேசுவதேயில்லை. அவன் கேட்டதைவிட அவனுடைய மௌனமே அந்தத் தாயாரை வருத்துகிறது.

உண்மையைச் சொன்னால், கேட்டவுடன் நம் மனமும் பாட்டனார் பக்கமே சாய்ந்தது. பிறகுதான் ஹலரத் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவர்கள் பதினோரு வயதுச் சிறுவர். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நாயகமவர்கள் அவர்களைப் பணித்தார்கள். அரை மாதத்துக்குள் கற்று, அம்மக்களுக்குச் செல்லும் கடிதங்களை எழுதவும், அவர்களிடமிருந்து வந்தவற்றை வாசித்துக் காட்டவும் செய்தார்கள் என்பது திர்மிதியில் பதிவான செய்தி. அதே ஸைது (ரலி) அவர்களிடம்தான் ஹலரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனை ஒன்றுதிரட்டும் பெரும்பொறுப்பை ஒப்படைத்தார்கள். பிற மொழி பயின்ற நாவு இறைமறைக்கு உதவாமற் போய்விடவில்லை.

ஆனால் இந்த ஹதீதை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட நாம் விரும்பவில்லை. ஸைது (ரலி) அவர்கள் கற்றது ஒரு தேவைக்காக; கடிதங்களைப் பிறரிடம் நம்பிக் கொடுக்க இயலாத நிலையில் இடப்பட்ட பணி அது. நம் பையனுக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை. ஆசை மட்டுமே இருக்கிறது. பிறர் மொழியைக் கற்றவன் அவர்களுடைய சூழ்ச்சியிலிருந்து தப்புவான் என்றொரு வாசகத்தை மேடைகளில் ஹதீதென்றே சொல்லிவிடுகிறார்கள். அது ஹதீதன்று; அதற்கு ஆதாரமில்லை. அதைக் காட்டி அனுமதி கொடுத்தால், பகையைத்தான் முதற் பாடமாகக் கொடுத்தவர்களாவோம்.

தேவையோ அச்சமோ இல்லாமல், அறியும் ஆசைக்காகவே ஒரு மொழியைக் கற்பது ஆகுமா என்பதே கேள்வி. நம் கருத்தில் அது ஆகுமானது மட்டுமன்று, நல்லதுமாகும். வானம் பூமியின் படைப்போடு சேர்த்து, மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதையும் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹுதஆலா சூரத்துர் ரூமில் எண்ணுகிறான். நாம் நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்க்கிற பிள்ளையைத் தடுப்பதில்லையே! இந்தப் பையனும் அத்தகைய அத்தாட்சி ஒன்றைத்தான் பார்க்க விரும்புகிறான். அரபியில் 'ஸலாம்', அங்கே 'ஷாலோம்'. இங்கே 'பைத்', அங்கே 'பாயித்'. இங்கே 'யவ்ம்', அங்கே 'யோம்'. இரண்டுமே வலமிருந்து இடமாக எழுதப்படுகின்றன. ஓதும் பிள்ளைக்கு இதில் வியப்பு தோன்றாவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

பாட்டனாரின் வேதனையை நாம் சிறிதாக எண்ணவில்லை. எனினும், ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டதாகத் திருமறை கூறுகிறது. பனூ இஸ்ராயீலுக்கு வந்த நபிமார்களை நம்பாமல் நம் ஈமான் நிறைவு பெறாது. அநியாயம் செய்கிறவர்களின் பாவம் அவர்கள் பேசும் எழுத்துக்களில் ஒட்டிக்கொள்வதில்லை. பாலஸ்தீனியர்களிலும் அம்மொழியைச் சரளமாகப் பேசுவோர் அநேகர் உண்டு.

எப்படி உதவுவது என்றும் தாயார் கேட்கிறார்கள். "எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாதே!" என்கிறார்கள். ஏழாண்டு ஓதியும் அரபியில் தேநீர் கேட்கத் தடுமாறுகிற நம்மைப் போன்றவர்கள் இருக்க, அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை! ஹிப்ளுக்குள்ள ஒழுங்கே இதற்கும் போதும்: புதுப் பாடம் கொஞ்சம், பழைய பாடம் அதிகம், ஒரு நாளும் விடாமல். ஹிப்ளு நேரத்தில் கைவைக்காமல் அஸருக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கலாம். கைப்பேசியில் பயில்வதென்றால் கூடத்தில் அமர்ந்து பயிலட்டும். அன்று கற்றதை உம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். வந்த விருந்தாளிகள் முன்னே "எங்கே, பேசிக் காட்டு" என்று மட்டும் அவனை நிறுத்தாதீர்கள்.

பாட்டனாருக்குத் தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம். இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லையானால் பையன் சிறிது காலம் பொறுத்திருக்கட்டும். ஆனால் அவன் ஏன் கேட்டான் என்பதை, 'ஷாலோம்' என்ற அந்த ஒரு சொல்லைக் கொண்டாவது, பாட்டனாரிடம் அவனே எடுத்துச் சொல்ல அனுமதியுங்கள்.