தூய்மையும் தொட்டிலும்



சுவா சூ காங் என்றதும் நம்மில் முதியவர்களுக்கு மையவாடிதான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் இன்று நம் ஜனாஸாக்களை அடக்கம் செய்யும் நிலம் அங்கேதான் இருக்கிறது. அதே வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துவிட்டன. சிராங்கூன் சாலையில் கடை வைத்துக்கொண்டு அங்கே குடியிருப்போரும் உண்டு. ஒரு பக்கம் கப்று. ஒரு பக்கம் தொட்டில். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறைத்துவிடக்கூடிய ஒரு சிறு வஸ்துவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். அதுதான் அந்துருண்டை.

நம் வீடுகளில் அது இல்லாத இடம் எது? துணி அலமாரியில் நாலு, கை கழுவும் தொட்டியில் இரண்டு, கழிவறை மூலையில் ஒன்று. பூச்சி வராது, வாடை போகும், வீடு துப்புரவாக இருக்கும் என்று எண்ணுகிறோம். பேரன் பிறந்தால் உம்மம்மா பெட்டியைத் திறக்கிறார். அந்துருண்டையோடு மடித்து வைத்த பழஞ்சேலையை எடுத்துத் தொட்டில் கட்டுகிறார். அன்பினால்தான் செய்கிறார். ஆனால் அந்தச் சேலையில் அபாயமும் கலந்திருக்கிறது.

சில குழந்தைகள் இரத்தத்தில் ஜி6பிடி என்னும் நொதி குறைவாகவே பிறக்கின்றன. ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் ஆவி அக்குழந்தையின் மூச்சிலும் தோலிலும் புகுந்தால், இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் மஞ்சள் காமாலை உண்டாகும். அது மூளையைத் தாக்கினால் உயிர் போகலாம். பிழைத்தாலும் கை கால் முடங்கலாம், செவி கேளாமல் போகலாம். இவ்வாறு சிசுக்களைப் பறிகொடுத்த நாடு நம் சிங்கப்பூர். அதனால்தான் 1965ஆம் ஆண்டு முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து, இக்குறை உண்டா என்று பார்த்து வருகிறார்கள். குறை உண்டென்று அறிந்தால் அந்துருண்டையை வீட்டிலேயே வைக்கக் கூடாது. குறையற்ற குழந்தையும் அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்துதான்.

'துப்புரவு மார்க்கத்தின் கட்டளையல்லவா?' என்று சிலர் கேட்கலாம். ஆம்; நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தூய்மைக்கு ஈமானின் ஒரு பாதியையே கொடுத்தார்கள். ஆனால் மார்க்கம் கேட்கும் தூய்மை அழுக்கையும் நஜீஸையும் நீக்குவது. கடையில் வாங்கிய நெடியை வீடெங்கும் நிரப்புவதன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழவைக்க நாடி நிற்பார்கள். பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கும். தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். ஒரு குழந்தைக்காகத் தொழுகையையே சுருக்கிய நபியின் உம்மத்து, ஓர் உருண்டையின் வாசனையை விடமாட்டோமா?

விடுவது கடினமுமல்ல. துணியை அரிக்கும் பூச்சி வியர்வையும் கறையும் படிந்த துணியைத்தான் நாடும். ஆகவே நன்றாகத் துவைத்து, வெயிலில் ஈரமற உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். கற்பூரத்தை மாற்றாக வைக்க வேண்டாம். அதைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். கை கழுவும் தொட்டிக்கு ஆப்பச் சோடாவும் தேய்க்கும் பிரஷும் சுடுநீரும் போதும். குழாயில் படிந்த உப்புக்கறைக்கு வினிகர். தரைக்குச் சவுக்காரத் தண்ணீர். நோய் கண்ட வீட்டில் குளோரின் கலந்த மருந்து தேவைப்படலாம். அதை வினிகருடனோ கழிவறை அமிலத்துடனோ கலந்தால் நச்சுக் காற்று கிளம்பும். எந்த மருந்தையும் பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை எதையேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 995க்கு அழையுங்கள், அந்தப் பொட்டலத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

வணிகச் சகோதரர்களே, இனி நம் கடைக்கு வருவோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரத்துத் துணி வணிகர். குறையுள்ள துணி ஒன்றை, அக்குறையைச் சொல்லியே விற்கும்படி கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. வந்த பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்பது வரலாறு. துணியில் இருந்த குறைக்கே அவ்வளவு அஞ்சினார்கள். உயிருக்குக் கேடு தரும் சரக்கை நாம் வாய் திறவாமல் விற்கலாமா?

அந்துருண்டைப் பொட்டலத்தை மிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். குழந்தைத் துணி வைத்த அடுக்கில் அதைப் போடாதீர்கள். வாங்க வருவோரிடம், "வீட்டில் கைப்பிள்ளை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உண்டென்றால் விஷயத்தைச் சொல்லுங்கள். சில காசு வியாபாரம் குறையலாம். குறையட்டும்! யாரென்றே அறியாத ஒரு பிள்ளை தொட்டிலில் நிம்மதியாக உறங்கும். அந்தக் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது.

நம் வீடுகளைத் தூய்மையாகவும் நம் மக்களைச் சுகமாகவும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.