ஓடுதுல்ல, அப்புறமென்ன?

ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில், 1959 முதல் ஜபல்பூரில் தயாரானது சக்திமான் லாரி. ராணுவம் கழித்து ஏலம் விட்ட அப்படியொரு லாரியில் நாசில் சொட்டுகிறது என்று வையுங்கள். சுமார் 200 பார் அழுத்தத்தில் புகைமூட்டம்போலத் தெறிக்கவேண்டிய டீசல், ஊசி சரியாக உட்காராமல் துளியாக விழும். முழுசா எரியாது. கரும்புகை வரும். ஆனாலும் வண்டி ஓடும்.

'ஓடுதுல்ல, கைவைக்காதே!' எங்கள் மென்பொருள் தொழிலிலும் இதுதான் வேதவாக்கு. ஆனால் யாருக்கு ஓடுகிறது? ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குப் புகை தெரியாது. திருநீர்மலை சாலையில் இப்படியொரு லாரிக்குப் பின்னால் பைக்கில் மாட்டிக்கொண்டால் எனக்குத் தெரியும்.

நாசிலை டெஸ்டரில் மாட்டி, திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் முனை ஈரமாகக் கூடாது. சொட்டினால் சரிசெய்யணும். செலவு அவருக்கு, பலன் எனக்கா? நியாயமான கேள்விதான். ஆனால் சரிசெய்யாமல் விட்டால் அந்தச் செலவு மறைந்துபோவதில்லை. என்னைக் கேட்காமலேயே என் நுரையீரல் கணக்கில் ஏறுகிறது.