வினைப்பயனும் முறைமையும்

மீஞ்சூர்க்குக் கிழக்கே கடலோரக் குப்பங்களினும் வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கரையினும் வாழும் மீனவச் சிறார்க்கு உலகின் வெம்மை மிகுதலைக் கற்பிக்கும் ஆசிரியர், அது மாந்தர் செய்த பிழையென்று கூறி அமைதல் பெருவழக்கு. அக்கூற்றுப் பொய்யன்று, முழுமெய்யும் அன்று. பிழை செய்தாரும் அதன் துன்பம் நுகர்வாரும் அதன்கண் ஒருவரேயாய் மயங்கிக் கிடத்தலின் என்க.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை நோக்க, 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டில் நிலவுலகின் வெம்மை ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்துள்ளது. நிலக்கரி முதலியவற்றை எரித்தலான் எழும் கரியமிலவாயு அதற்குத் தலையாய காரணம். கடல்மட்டம் உயருங்கால் முதற்கண் தாக்குண்பது இத்தகைய தாழ்நிலமே. கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களோ மீஞ்சூரை அடுத்த அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உள்ளன. அவற்றின் மின்னொளி நகரெங்கும் பரவியது. சாம்பல் கொசத்தலையாற்றிலும் எண்ணூர்க் கழியிலும் படிந்து, இறாலும் நண்டும் வாழுமிடத்தைத் தூர்த்தது. நீரின் செய்தியும் இன்னதே. சென்னையின் வேட்கை தணிக்க மீஞ்சூர்ப் பகுதியினின்று பல்லாண்டு நிலத்தடிநீர் இறைக்கப்பட்டமையாற் கடல்நீர் உட்புகுந்து ஊர்க்கிணறுகள் பல உவர்த்தன. பின்னர் 2010-இல், நாள்தோறும் 10 கோடி லிட்டர் நன்னீரைக் கடல்நீரினின்று பிரித்தெடுக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் எழுந்தது, அதுவும் அந்நகர்க்கே. 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழியிற் பரந்து வலையும் படகும் கறுத்தன.

ஈண்டு ஒருசாரார், அவரவர் துன்பம் அவரவர் வினைப்பயன், பிறரை நோதல் என்னை என்ப. அவர் சித்தாந்தத்தைப் பாதியே ஓதியவர். நுகர்வான்மாட்டு அது பிராரத்தமாயினும், இன்னா செய்தான் புதுவதாக ஆகாமியம் ஈட்டுகின்றான் என்பதும் துணிபன்றோ? செய்தானை விடுத்து நொந்தானுக்கு மட்டும் வினையுணர்த்துதல் உபதேசமாகாது, வாயடைத்தலேயாம்.

இனி, இச்சிறார்க்கு முறைமையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. பழவேற்காட்டு ஏரியிற் ‘பாடு’ என்றொரு வழக்குண்டு. மீன்படும் இடங்களைச் சீட்டிட்டுப் பகிர்ந்து முறைவைத்து வலையிடுவர். பிறர் முறையிற் புகுந்தவன் ஊரவைக்கு விடைகூறல் வேண்டும். (பாட்டில் எல்லார்க்கும் இடமில்லை, கையால் இறால் பிடிக்கும் இருளர் அதற்குப் புறம்பாகவே நிற்கின்றனர். இதனையும் ஆசிரியர் மறையாது கூறுக.) தந்தையோடு பாட்டுக்குச் சென்றறிந்த சிறுவன், காற்றுவெளிக்கும் அத்தகைய முறையுண்டோ, அம்முறை கடந்தாரை வினவும் அவை யாண்டுளது என்று கேட்பான். மரம் நடுக, விளக்கை அணைக்க என்னும் பாடம் அவனுக்கு விடையாகாது. அவ்வினா, விளக்கின் பயன் நுகரும் நகரத்துப் பள்ளிச் சிறார் முன்னும் எழுப்பப்படல் வேண்டும். சாம்பல் படிந்த கழி அவர்க்கும் நெடுந்தொலைவில் இல்லை.