அடியார் பசியும் அரங்கன் திருவுள்ளமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானின் உத்ஸவத்தை ஸேவிக்க வந்துள்ள பக்தகோடிகளே! ஒருவர் இழுத்தால் அசையாத திருத்தேர், ஊர் கூடி வடம் பிடித்தால் நிலைக்கு வந்து சேருகிறது. துயருற்றோரின் சுமையும் அவ்வாறே பலருடைய கைகளை வேண்டி நிற்பது. இதனை ஆழ்வானுடைய சரித்திரம் கொண்டு சிந்திப்போம்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராய் விளங்கியவர் கூரத்தாழ்வான். வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்ட அம்மகான், செல்வம் அனைத்தையும் துறந்து, எம்பெருமானாரின் திருவடி நிழலை நாடித் திருவரங்கம் சேர்ந்தார். அங்கே உஞ்சவிருத்தியே அவருக்கு ஜீவனம். ஒருநாள் விடாமழை பெய்தமையால் வெளியே எழுந்தருள இயலவில்லை. ஆழ்வானும் தேவியாரான ஆண்டாளும் பட்டினி கிடந்தனர். இரவில் அரவணை அமுதுசெய்யும் மணியோசை கோயிலிலிருந்து எழுந்தது. அடியவர் பசித்திருக்கப் பெருமாள் மட்டும் அமுது செய்கிறாரே என்று ஆண்டாளின் திருவுள்ளம் நொந்தது.

அரங்கன் அதைப் பொறுத்தானில்லை. உத்தமநம்பியை நியமித்துப் பிரஸாதத்தைச் சகல மரியாதைகளுடன் ஆழ்வானின் திருமாளிகைக்கு அனுப்பினான். ஆழ்வானோ தேவையான இரண்டு திரளைகளை மட்டுமே ஏற்றார். அப்பிரஸாதத்தின் மகிமையாலேயே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் அவதரித்தனர் என்று குருபரம்பரை கூறும்.

இதில் நாம் அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, அன்று பசித்திருந்தபோதும் ஆழ்வான் எவரிடமும் யாசிக்கவில்லை. அன்னமிட்டுப் பழகிய கை ஏந்துவதற்குக் கூசும். ஆகவே, கேட்டால் கொடுப்போம் என்று காத்திருப்பது போதாது. அண்டை வீட்டு அடுப்பு எரிகிறதா என்று நாமே அறிதல் வேண்டும். இரண்டாவது, பிரஸாதம் மரியாதையோடு வந்தது. பெறுபவர் தலை குனியும்படி கொடுப்பதும், கொடுத்ததைப் பறைசாற்றிக்கொள்வதும் கைங்கர்யம் ஆகா. மூன்றாவது, ஸர்வசக்தனான எம்பெருமான் தானே நேரில் ஊட்டியிருக்கலாம். ஆயினும் அடியார்களைக் கொண்டே அதை நடத்தினான். அவன் கருணை மனிதர் கைகளின் வழியாகவே மனிதரை வந்தடைகிறது.

இஃது அக்காலத்தோடு முடிந்ததன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையோர மக்களின் உயிரையும் உடைமையையும் வாரிச் சென்றது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதோ, மாடிகளில் தவித்தோரை மீட்கத் தங்கள் படகுகளோடு விரைந்தவர்களில் மீனவர்களும் இருந்தனர். கோயில், மசூதி, மாதாகோயில் என்ற பேதமின்றிக் கதவுகள் திறந்தன. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்திலோ, பெண்கள் மிதித்துப் படகேறுமாறு மீனவர் ஒருவர் நீரில் கவிழ்ந்து தம் முதுகையே படியாக்கினார். எம்பெருமானுக்குத் தன் திருமேனியையே படுக்கையாக்கிய திருவனந்தாழ்வானின் சேஷத்வம் நம் நினைவுக்கு வரவில்லையா?

அன்பர்களே! இத்திருவீதியில் உங்கள் அருகே நடப்பவருள் பசித்திருப்பவரும், ஊர் திரும்ப வழியற்றவரும் இருக்கலாம். அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். இன்றைய பிரஸாதத்தில் ஒரு பங்கை முதலில் அவர்களிடம் நீட்டுங்கள். ஊர் திரும்பியபின், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து நலிவுற்ற ஒரு குடும்பத்தைத் தாங்கச் சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். அடியார் பசி தீர்ந்த இல்லத்திலேயே அரங்கன் அமுது செய்து மகிழ்கிறான். தாயாரும் பெருமாளும் அந்நெஞ்சை நமக்கு அருள்வார்களாக.

சுபம்.