அழுக்கை அழுக்கால்

கழுவுவது என்றால் அழுக்கை ஒழித்துக்கட்டுவது என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். தட்டு பளிச்சென்று ஆகிவிட்டால் விஷயம் முடிந்தது. அதிலிருந்த அழுக்கு எங்கே போனது என்று கேட்கத் தோன்றுவதில்லை. சைவ சித்தாந்தம் அதைக் கேட்டது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் ஓர் ஆட்சேபத்தைத் தாமே எழுப்பிக்கொள்கிறார்: உடம்பும் மனமும் மாயையிலிருந்து வந்தவை, மாயையும் மலங்களில் ஒன்று, அப்படியானால் ஒரு மலத்தைக் கொண்டு இன்னொரு மலத்தை எப்படிக் கழுவ முடியும்? (மலம் என்பது இங்கே உயிரைப் பற்றிய அழுக்கு; அந்தச் சொல்லின் இன்றைய பொருளைச் சற்று மறந்துவிட்டுப் படிக்க வேண்டும்.) அவர் தரும் பதில் துணி வெளுக்கும் துறையிலிருந்து வருகிறது. அழுக்கேறிய துணியில் சாணியையும் உவர்மண்ணையும் சேர்த்துத்தானே வெளுக்கிறார்கள்? இறைவனும் அப்படித்தான் மாயையைக் கொண்டு ஆணவம் என்ற மூல மலத்தைக் கழிக்கிறான் என்கிறார். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு கொள்கையும் அந்த மரபில் உண்டு: ஆணவ மலம் முத்தியிலும் அழிந்துபோவதில்லை, அதன் வலிமைதான் அடங்குகிறது. அழுக்கு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது அல்லது அடங்குகிறது என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம். உண்மைக்கு நெருக்கமானது அதுதான் என்று நான் நினைக்கிறேன். அதைச் சோதித்துப் பார்க்க மடத்துக்குப் போக வேண்டியதில்லை. வடசென்னையில், திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ ஒரு வீட்டில் டிஷ்வாஷர் மக்கர் பண்ணினால் போதும்.

சமயத்துக்கும் இந்த இயந்திரத்துக்கும் ஒரு பழைய அக்கம்பக்க உறவும் இருக்கிறது. அமெரிக்கப் பெண்மணி ஜோசஃபின் காக்ரேன் 1886 டிசம்பரில் காப்புரிமை பெற்ற பாத்திரம் கழுவும் இயந்திரம், 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டது. அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சமயப் பேரவையில்தான், அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் மதராஸில் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பிய விவேகானந்தர் பேசினார். இன்றைய இயந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தால் அருணந்தியின் வாதம் அப்படியே தெரியும். ஒரு முழுக் கழுவலுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீர்தான் செலவாகிறது. அதிலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே வருவது சில லிட்டர். அடியில் தேங்கும் அந்தத் தண்ணீரையே பம்ப் திரும்பத் திரும்ப இழுத்து, சுழலும் கைகளின் துளைகள் வழியாகப் பாத்திரத்தின் மேல் பீய்ச்சுகிறது. அதாவது ஏற்கெனவே கலங்கிப்போன தண்ணீர்தான் பாத்திரத்தைக் கழுவுகிறது. போடும் பவுடரில் முக்கியமான பொருள் சோடியம் கார்பனேட். வெளுப்பவர்கள் அள்ளிவந்த உவர்மண்ணில் இருந்ததும் அதுதான். சாணி மட்டும் போய், அதன் இடத்தில் பாக்டீரியாக்களிடமிருந்து எடுத்த நொதிகள் வந்திருக்கின்றன. அவை மாவுச்சத்தையும் புரதத்தையும் துண்டாடுகின்றன. கடைசியில் பவுடரும் அழுக்குதான். அதையும் அலசி வெளியேற்றியாக வேண்டும்.

இப்படிப் பார்த்தால் இந்த இயந்திரத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே கோளாறுதான்: வெளியே போக வேண்டிய அழுக்கு நடுவழியில் நின்றுவிட்டது. பாத்திரத்தில் பருக்கை ஒட்டிக்கொண்டே இருந்தால் உடனே இயந்திரம் மட்டம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்தட்டை வெளியே இழுத்து, நடுவிலிருக்கும் உருளை ஃபில்டரைத் திருகி எடுத்தால் கதை வேறாக இருக்கும். சோறு கூழாகி, கறிவேப்பிலை நரம்பும் புளிச்சக்கையும் தேங்காய்த் துருவலும் முருங்கைக்காய் நாரும் சேர்ந்து, எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு வடை மாதிரி கெட்டியாகியிருக்கும். காசிமேட்டு மீன் வாங்கும் வீடென்றால் வஞ்சிர முள் ஒன்று வலையில் குறுக்கே செருகி நிற்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் குழாய்த் தண்ணீரும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அடுத்து, சுழலும் கையைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கடுகு உருளும் சத்தம் கேட்டால் துளைகளை ஊக்கால் குத்திவிட வேண்டியதுதான். நீளமான கரண்டி ஒன்று கீழே நழுவி அந்தக் கையைச் சுழலவிடாமல் தடுத்திருப்பதும் உண்டு. அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், பின்னால் போகும் ஹோஸ் மடங்கியிருக்கும், அல்லது வெளியேற்றும் பம்பின் சிறு விசிறியில் எலும்புத் துண்டு மாட்டியிருக்கும். உள்ளே தண்ணீரே போதாமல் வந்தால் குழாயோடு சேரும் இடத்திலுள்ள சிறு வலையில் மணல் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஊற்றிவிட்டால் நுரை பொங்கி வழிந்து இயந்திரத்தின் அடித்தகட்டில் சேரும். அங்கிருக்கும் மிதவை மேலேறியதும் தண்ணீர் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டு இயந்திரம் வெறுமனே பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

இவை எளியவை. வடசென்னையில் சமையலறையைப் படுத்துவது வெள்ளைப் படலம்தான். கண்ணாடி டம்ளர் உப்புப் பூத்த மாதிரி வெளிவருகிறது. பவுடரைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது. இதன் காரணம் பெட்டிக்குள் இல்லை. மீஞ்சூரை ஒட்டிய கிணற்றுத் தொகுதிகளிலிருந்து நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் பல ஆண்டுகள் இறைத்ததில், 1960களின் இறுதியிலேயே கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியது பதிவாகியிருக்கிறது. கடல்நீர் வெறும் சோற்றுப்பு கலந்த தண்ணீர் இல்லை. லிட்டருக்கு சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் அதைப்போல் மூன்று மடங்கு மக்னீசியமும் அதில் இருக்கின்றன. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லையென்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. கடலோரத்து போர் தண்ணீர் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். இதற்கு இயந்திரம் வைத்திருக்கும் மருந்து உப்பு! அதன் வயிற்றிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்துபோனதும் செறிந்த உப்புக் கரைசல் ஓடி அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கிறது. உப்பால் கெட்ட தண்ணீரை உப்பால் திருத்துவது, அதுவும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி உப்பளங்கள் இருந்த மண்ணில்! அருணந்தி இதைப் பார்த்திருந்தால் சாணியை விட்டுவிட்டு இதையே உவமையாக எடுத்திருப்பார். ஆனால் மருந்தின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரெசின் கடினத்தன்மையைத்தான் எடுக்கிறது. உவர்ப்பு அப்படியே நிற்கிறது. எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்தால் அது குளோரைடின் வேலை. எத்தனை கிலோ உப்பு கொட்டினாலும் அது போகாது. தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும்.

தண்ணீரை மாற்றினால் தொல்லை வேறு வடிவில் வருகிறது. காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்குகிறது. இந்தப் பகுதிக்கு வரும் மெட்ரோ வாட்டரில் அதன் பங்கு உண்டு. போர் தண்ணீரின் கடினத்தன்மைக்கென்று திருகி வைத்த அதே அளவிலேயே மெட்ரோ தண்ணீருக்கும் இயந்திரத்தை ஓட்டினால், மிருதுவான தண்ணீரும் சூடும் மிகையான பவுடரும் சேர்ந்து கண்ணாடியையே அரிக்கும். அந்த அரிப்பும் பார்வைக்கு வெள்ளைப் படலம்தான். இரண்டையும் பிரித்தறிய அரை எலுமிச்சம்பழம் போதும். தேய்த்ததும் படலம் போய்விட்டால் அது வந்து ஒட்டிய சுண்ணாம்பு. போகாவிட்டால் கண்ணாடியே தேய்ந்துவிட்டது, மீட்க முடியாது. வந்து சேர்ந்த அழுக்கா, பொருளே மாறிவிட்டதா என்பது தத்துவத்தில் பெரிய கேள்வி. சித்தாந்திகள் உயிரில் மலம் ஒட்டியிருப்பதற்கு நெல்லில் உமியையும் செம்பில் களிம்பையும் காட்டுவார்கள். உமி பொருந்துகிறது. களிம்பில் உவமை நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: களிம்பு வெளியிலிருந்து வந்த பூச்சு மட்டுமில்லை, காற்றோடும் ஈரத்தோடும் கூடி உருமாறிய செம்பு அது. புளி போட்டுத் தேய்க்கும்போதெல்லாம் குடத்தில் கொஞ்சம் செம்பும் போகிறது. இதனால் கொள்கை விழுந்துவிடவில்லை. எதை அழுக்கென்று சொல்கிறோமோ அதை முதலில் எலுமிச்சம்பழத்தால் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை அதோடு சேர்கிறது. கழுவினால் பொருளே கரைந்துபோகும் இடமும் உண்டு: திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் புற்று மண் திருமேனி. ஆண்டு முழுதும் கவசம் சாத்தியிருக்கும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் திறந்து புனுகும் தைலமும் சாத்துவார்கள். எல்லாவற்றையும் தண்ணீரால் கழுவிவிடலாம் என்று அந்தக் கோயில் நினைக்கவில்லை.

இரண்டு மறுப்புகள் வரும். பவுடர் மஞ்சள் கறையின் நிறத்தை உடைத்துவிடுகிறது, கொழுப்பைச் சோப்பாக்கிவிடுகிறது. இது அழிப்பதுதானே என்பார்கள். உருமாற்றம் என்பதை மறுக்கவில்லை. உருமாறியதும் ஏதோ ஒரு பொருளாக, ஏதோ ஒரு குழாய் வழியேதான் போகிறது. இரண்டாவது மறுப்பு கனமானது. மலம் தொடக்கமில்லாத காலம் முதல் உயிரோடு இருக்கிறது என்பது, சிலர் பிறப்பிலேயே அழுக்கானவர்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதா? எச்சில் பாத்திரம் தேய்ப்பவருக்குத் தனி டம்ளர் வைத்த சமூகத்தில் இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. ஆனால் சித்தாந்தத்தின் கணக்கில் ஆணவம் எல்லா உயிருக்கும் பொது. மனிதர் யாவரும் மூன்று மலமும் உள்ள சகலர்தான், அதில் ஒருவருக்கும் விலக்கில்லை. தீட்டுக் கொள்கை அழுக்கை ஆளின் மேல் ஏற்றுகிறது. மலக் கொள்கை அதை எல்லோர் கணக்கிலும் எழுதிவிட்டு, எப்படிக் கழிப்பது என்று வழி தேடுகிறது. அழுக்கு நகரும் வழியில் நிற்பவர் அழுக்கானவர் ஆகிவிடுவதில்லை. நூலில் இப்படி இருந்தும், அந்த நூலை ஓதியவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தனி டம்ளர் இருந்தது. அந்தப் பழிக்கு நூலைக் காட்டித் தப்ப முடியாது.

அழுக்கு எங்காவது போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வடசென்னைக்கே போகட்டும் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. வெளிப்படையாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நகரம் பல பத்தாண்டுகளாகக் குப்பையைக் கொடுங்கையூரிலும், அனல்மின் நிலையச் சாம்பலை எண்ணூர்க் கழிமுகத்திலும் இறக்கிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் கலந்து, கழிமுகத்தில் படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் அப்பிக்கொண்டது. மீனவர்கள் வாளியால் மொண்டு அதை டிரம்மில் ஊற்றினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஊரே எழுந்து ஓடியது. இத்தனைக்கும் பிறகு, வடசென்னை அழுக்கான இடம் என்று அதை அந்த மண்ணின் குணமாகச் சொல்வார்கள். ஃபில்டரில் சேர்ந்த கூழுக்கு ஃபில்டரைக் குற்றம் சொல்வதற்கு இது சமம். ஃபில்டரையாவது மாதத்துக்கு நாலு முறை கழற்றிக் கழுவுகிறோம்.

வழி இல்லாமலும் இல்லை. கொடுங்கையூரில் 2019 முதல், கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, கடைசியில் ஆர்.ஓ. செய்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை வட பகுதி ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் இருக்கிறது. ஒரு வீட்டின் சாம்பார்ச் சட்டி கழுவிய தண்ணீர் மணலியில் கொதிகலனுக்குப் போகலாம். ஆலை அந்த அளவுக்கு ஏரி நீரையும் கிணற்று நீரையும் விட்டுவைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் பாதாளச் சாக்கடையில் விழுந்தால்தான் அங்கே போய்ச் சேரும். மழைநீர் வடிகாலில் விழுந்தால் சோடாவும் கொழுப்பும் நேராகக் கால்வாய்க்கும் அங்கிருந்து கழிமுகத்துக்கும்தான். அடுத்த முறை ஃபில்டரைக் கழுவக் குனியும்போது இயந்திரத்தின் பின்னாலிருக்கும் அந்தச் சாம்பல் நிற ஹோஸையும் பிடித்துக்கொண்டு போய், சுவருக்கு வெளியே அது எதில் சேருகிறது என்று பாருங்கள். மழைநீர் வடிகாலில் விடப்பட்டிருந்தால் இந்த வாரமே பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.