விட்ட இடத்திலிருந்து

ஒரு செயலை இடையில் நிறுத்திவிட்டுப் பின்னொரு நாளில் மீண்டும் தொடங்கினால், அது அதே செயல்தானா? அல்லது முதலாவது முறிந்துபோய், இரண்டாவது புதிதாகத் தோன்றுகிறதா? குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் இது நமக்கு ஏட்டளவிலான வினாவாகவே இருந்தது. அயல்நாட்டு நீர்வழி ஒன்றின் கரையில், ஒரு தாயின் வாயிலிருந்து கேட்டபோதுதான் இதன் கனத்தை உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், விடுமுறையில் சென்றிருந்த பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக இரண்டு மாதங்கள் பணியாற்றினோம். பக்கத்தில் வாட்டர்ஃபோர்டு என்னும் சிற்றூர். ஹட்சன் ஆற்றோடு மோஹாக் ஆறு வந்து கலக்கும் அவ்விடத்தில்தான் ஈரி கால்வாய் மேற்கு நோக்கிப் புறப்படுகிறது. புறப்பட்டவுடனேயே ஒரு பெரும் ஏற்றம். ஏறத்தாழ ஒன்றரை மைல் தொலைவுக்குள் ஐந்து நீர்ப்பூட்டுகள் அடுத்தடுத்து அமைந்து, படகுகளை 160 அடிக்கும் அதிகமான உயரத்திற்குத் தூக்கிவிடுகின்றன. லாக் என்று அங்குள்ளோர் சொல்லும் நீர்ப்பூட்டு வேறொன்றுமில்லை. இரு முனையிலும் கதவுகள் கொண்ட பெரிய தொட்டிதான். படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவு மூடப்படுகிறது. மேல்மட்டத்து நீர் தன் எடையாலேயே உள்ளே பாய்கிறது. நீர் உயர உயரப் படகும் உயர்கிறது. பிறகு மேல்கதவு திறக்கிறது. மாலை வேளைகளில் அதைக் காண நாம் செல்வது வழக்கமாயிற்று.

அங்கேதான் அந்த முதிய தம்பதியரைக் கண்டோம். ஞாயிறு திருப்பலிக்கு வந்திருந்த அவர்கள் நம்மை அடையாளம் கண்டு, தங்கள் படகுக்கு அழைத்தார்கள். 24 அடி நீளமுள்ள பழைய விசைப்படகு அது. இருவர் படுக்க இடம், ஒரு சிறிய அடுப்பு, மேலே ஒரு கூரை, அவ்வளவே. முன்முனையில் ஒரு வெள்ளைக் கொடி பறந்தது. அதன் பொருளைக் கேட்டோம். கிரேட் லூப் எனப்படும் பெருவட்டப் பயணத்தில் இருப்போர் ஏற்றும் கொடி அது என்றார் கணவர். வட்டத்தை முடித்தவர்கள் பொன்னிறக் கொடி ஏற்றலாமாம்.

அப்பெருவட்டம் ஏறத்தாழ 6,000 மைல் நீளமுள்ளது. அட்லாண்டிக் கரையை ஒட்டிய உள்நீர்வழியில் வடக்கே ஏறி, ஹட்சன் ஆற்றையும் ஈரி கால்வாயையும் கடந்து, கனடாவின் கால்வாய்கள் வழியாகவோ பேரேரிகள் வழியாகவோ சிகாகோவை அடையவேண்டும். அங்கிருந்து இலினாய், மிசிசிப்பி, ஒகையோ, டெனசி ஆறுகளில் பயணம் செய்து, 1985-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட டெனசி-டாம்பிக்பீ நீர்வழியால் தெற்கே இறங்கவேண்டும். மெக்சிகோ வளைகுடாவின் ஓரமாகச் சென்று ஃபுளோரிடாவைச் சுற்றியோ குறுக்கேயோ கடந்தால், மீண்டும் அட்லாண்டிக் கரை. எந்த இடத்திலிருந்தும் தொடங்கலாம். தொடங்கிய இடத்திற்கே திரும்பி, தன் படகின் பழைய அலைத்தடத்தைத் தானே குறுக்கிடும்போது பயணம் முடிகிறது. வசந்தத்தில் வடக்கே ஏறி, கோடையைப் பேரேரிகளில் கழித்து, இலையுதிர் காலத்தில் ஆறுகளில் இறங்கி, குளிர்காலத்தைத் தெற்கே போக்கும் பலர் ஓராண்டில் இதை முடிக்கிறார்கள்.

இவ்விருவருக்கோ அது எட்டாம் ஆண்டு. அப்போதும் வட்டம் முடியவில்லை. காரணம், அவர்களுடைய மகன். முப்பது வயதைக் கடந்தும் பிறர் துணையின்றித் தன் அன்றாடத் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள இயலாதவன் அவன். ஆண்டுக்கு மூன்று வாரங்கள் மட்டும் மனைவியின் தங்கை வந்து அவனைப் பார்த்துக்கொள்கிறார். அந்த மூன்று வாரங்களே இவர்களுடைய பயணக்காலம். படகை டிரெய்லரில் ஏற்றி, முந்தைய ஆண்டு விட்ட இடத்திற்குக் கொண்டுபோய் நீரில் இறக்குவார்கள். சில நூறு மைல்கள் செல்வார்கள். பிறகு கணவர் பேருந்தில் திரும்பிப்போய் வண்டியை ஓட்டிவருவார். படகை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார்கள். டெனசி ஆற்றில் தொடங்கிய பயணம் எட்டு ஆண்டுகளில் வாட்டர்ஃபோர்டை எட்டியிருந்தது.

“தந்தையே, நேற்று இங்கே ஒருவர் எங்களிடம் பேசினார்,” என்றார் அந்த அம்மையார். “ஆண்டுக்கொரு துண்டாகச் சேர்ப்பது பயணம் ஆகாது, அது விடுமுறைகளின் தொகுப்பு என்றார். அவர் சொன்னது சரியா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனினும் அச்சொல் அவரைத் தைத்திருந்தது என்பது தெரிந்தது. அன்று ஏதோ ஆறுதல் கூறினோமேயன்றி, தக்க விடை கூறவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

புனித தாமஸ் அக்குவினாஸ், நிலைத்து நிற்கும் பண்பைப் பற்றித் தம் இறையியல் தொகுப்பில் ஆராய்கையில், அதற்கு எதிரான தீமைகள் இரண்டு எனக் காட்டுகிறார். ஒன்று, சிறு துன்பத்துக்கே பணிந்து நற்செயலைக் கைவிடும் மென்மை. மற்றொன்று, விடவேண்டியதையும் விடாமல் பற்றிக்கொள்ளும் பிடிவாதம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே உண்மையான விடாமுயற்சி. நாமோ பெரும்பாலும் மென்மையை மட்டுமே குற்றமாகக் காண்கிறோம். பிடிவாதத்தை உறுதி என்று பெயரிட்டுப் புகழ்ந்துவிடுகிறோம். நில்லாமல் செல்வதே விடாமுயற்சி என்றால், மகனை யாரிடமாவது ஓராண்டு முழுதும் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டிருந்தால்தான் இத்தம்பதியர் பாராட்டுக்குரியவர்கள் ஆவர். அப்படிச் சொல்ல நம் மனம் ஒப்புமா?

அந்நீர்வழிகளின் வரலாறே நமக்குப் பாடம் புகட்டுகிறது. ஈரி கால்வாய் 1817-இல் தொடங்கப்பெற்று 1825-இல், எட்டே ஆண்டுகளில், முடிவுற்றது. கனடாவின் டிரென்ட்-செவர்ன் நீர்வழியோ 1833-இல் முதல் நீர்ப்பூட்டோடு தொடங்கி, பலமுறை நின்று, பலமுறை தொடர்ந்து, 1920-இல்தான் முனையோடு முனை இணைந்தது. இடையே 87 ஆண்டுகள். தொடங்கியவர்களுள் முடிவைக் கண்டவர் யார்? ஆயினும் இன்று இவ்விரு வழிகளிலும் படகுகள் ஒன்றுபோலவே செல்கின்றன. விரைந்து வெட்டியது எது, விட்டு விட்டு வெட்டியது எது என்று படகில் செல்வோர் கேட்பதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஃபுளோரிடாவைக் குறுக்கே வெட்டி அட்லாண்டிக்கையும் வளைகுடாவையும் இணைக்கும் திட்டம் 1935-இல் தொடங்கி நின்றுபோயிற்று. 1964-இல் மீண்டும் தொடங்கியது. ஓக்லவாகா ஆறும் அதன் காடுகளும் அழிவதைக் கண்டு, மார்ஜரி ஹாரிஸ் கார் என்னும் உயிரியல் அறிஞரும் அவரைச் சார்ந்தோரும் எதிர்த்துப் போராடினர். 1971-இல் குடியரசுத் தலைவர் நிக்சன் பணியை நிறுத்த ஆணையிட்டார். அதன்பின் அது தொடரவில்லை. வெட்டிய தொலைவும் கொட்டிய பணமும் வீணாயின என்று வருந்தியோர் உண்டு. ஆனால் அங்கே நிறுத்தியதுதான் அறம். தொடர்ந்திருந்தால் அது பிடிவாதம். ஆகவே, நின்றதா தொடர்ந்ததா என்பதைக் கொண்டு மட்டும் ஒரு செயலை எடைபோட இயலாது. எதற்காக நின்றது, நின்ற காலத்தில் என்ன நிகழ்ந்தது, எங்கிருந்து தொடர்ந்தது என்று கேட்கவேண்டும்.

முதல் கேள்விக்கு அத்தம்பதியரின் விடையை அறிவோம்: அவர்கள் நின்றது அன்பின் பொருட்டு.

இரண்டாவது, நின்ற காலத்தைப் பற்றியது. அவர்கள் வாழும் பகுதியில் குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும். எஞ்சினுக்குள் தங்கிய நீர் உறைந்தால், அது விரிந்து இரும்பையே பிளந்துவிடும். ஆகவே வீடு திரும்பியதும் எஞ்சினிலும் குழாய்களிலும் உள்ள நீரை வடித்து, உறையாத திரவத்தைச் செலுத்தி, படகை மூடி வைக்கிறார்கள். ஓராண்டு இதில் அசட்டையாக இருந்தால், அடுத்த ஆண்டு பயணம் இல்லை. பயணம் நின்றிருக்கும் 49 வாரங்களிலும் அவர்கள் பயணத்தைப் பேணுகிறார்கள். தொடர்வேன் என்று வாயால் சொல்லிக்கொண்டே, நின்றுபோன நற்பணியைத் துருப்பிடிக்க விடுகிறவரின் நிலை வேறு.

மூன்றாவதுதான் நம் நெஞ்சைத் தொட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் சதுப்புநில ஓடைகளில் ஒரு முறை அவர்களுடைய எஞ்சின் பழுதாகிவிட்டது. நாள்கள் குறைவாக இருந்தன. பழுது பார்க்கும் இடம் வடக்கே 60 மைல் தொலைவில். படகைச் சாலை வழியே அங்குக் கொண்டுசென்றார்கள். பழுது நீங்கியபோது விடுமுறை முடிந்திருந்தது. மறு ஆண்டு அங்கிருந்தே வடக்கே செல்லலாம் என்றார்கள் நண்பர்கள். கணக்குக் கேட்க எந்த அதிகாரியும் இல்லை. 6,000 மைலில் 60 மைல் ஒரு பொருட்டும் இல்லை. ஆயினும் மறு ஆண்டு அவர்கள் தெற்கே திரும்பிப்போய், எஞ்சின் நின்ற அந்த ஓடையிலேயே படகை இறக்கினார்கள். மூன்று வாரத்தில் இரண்டு நாள் அதற்கே போயிற்று. “அந்த 60 மைல் எங்களுக்குத் தெரியுமே, தந்தையே,” என்று மட்டும் சொன்னார் கணவர்.

துண்டுகள் ஒரே பயணமாவது இங்கேதான் என்று கருதுகிறோம். விட்ட இடத்திலிருந்து தொடங்குதல் என்பது, வசதியான இடத்திலிருந்து தொடங்குதல் அன்று. சகோதரனோடு பேச்சு நின்றுபோயிருக்கிறது. ஆண்டுகள் பல கழித்து ஒரு திருமண வீட்டில் சந்தித்து, ஒன்றுமே நடவாததுபோல் நலம் விசாரிக்கிறோம். நல்லதுதான்; ஆனால் படகு நின்ற ஓடைக்கு நாம் திரும்பிப் போகவில்லை. எந்தச் சொல்லில் உறவு நின்றதோ, அந்தச் சொல்லுக்குத் திரும்பிப்போய், அது தவறு என்று கூறும் வரையில், இடையே ஒரு தொலைவு கடக்கப்படாமலே கிடக்கிறது. பிறர் அதை அறியாமல் இருக்கலாம். நாம் அறிவோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. “கட்டம் கட்டமாகச் செய்கிறேன்” என்பது சோம்பலுக்கு நல்ல போர்வையாகவும் ஆகலாம். பிறகு தொடர்வோம் என்று கரையேற்றிய படகுகளுள் மீண்டும் நீரைக் காணாதவை உண்டு. நம் நிறுத்தங்களுள் எத்தனை அன்பினால் நேர்ந்தவை, எத்தனை மென்மையினால் நேர்ந்தவை? இதைப் பிறருக்காகத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. அந்தக் கரையில் நின்று சொல்லெறிந்த மனிதர் செய்த பிழை அதுவே. அவரவர் தம் உள்ளத்தில் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி அது.

நீர்ப்பூட்டுக்குள் படகு நிற்கும்போது, சுவரில் தொங்கும் கயிற்றைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். படகோடு கட்டிவிடக் கூடாது. கட்டிவிட்டால், நீர்மட்டம் மாறும்போது படகு சாய்ந்து ஆபத்து நேரும். பிடியையும் விடாமல், கயிற்றையும் இறுக்காமல், நீரின் போக்குக்கேற்பக் கையைத் தளர்த்தியும் இழுத்தும் நிற்கவேண்டும். அந்த அம்மையாரின் உள்ளங்கைகள் அதனால் காய்த்திருந்தன. மென்மைக்கும் பிடிவாதத்துக்கும் இடைப்பட்ட நிலையை நாம் நூலில் படித்தோம். அவர் அதைக் கயிற்றில் கற்றிருந்தார்.

வட்டத்தை அவர்கள் முடிப்பார்களா? மனைவிக்கு அப்போதே எழுபதை நெருங்கும் வயது. அவருடைய தங்கைக்கும் முதுமை. முடியாமலும் போகலாம். இவ்விடத்தில் ஓர் உண்மை நினைவுக்கு வருகிறது. விடாமுயற்சியைப் பற்றி எழுதிய அக்குவினாஸ் தம் பெருநூலைத் தாமே முடிக்கவில்லை. 1273 டிசம்பரில் எழுதுவதை நிறுத்தினார். 1274 மார்ச்சில் இறந்தார். ஒப்புரவு அருள்சாதனத்தைப் பற்றிய பகுதியோடு நூல் நின்றுபோயிற்று. எஞ்சியதை அவருடைய முந்தைய எழுத்துகளிலிருந்து பிறர் தொகுத்துச் சேர்த்தனர். அதனால் அவரை விடாமுயற்சி அற்றவர் என்று எவரும் சொல்வதில்லை. அவர் எழுதியவரைக்கும் அது முழுமையான உழைப்பே.

விடைபெறும்போது அதே எண்ணத்தோடு, “முடிக்க முடியாமல் போனால் வருந்துவீர்களா?” என்று அந்த அம்மையாரைக் கேட்டோம். அவர் சற்று நேரம் யோசித்தார். “வருந்துவேன்,” என்றார் ஒளிவின்றி. “ஆனால் எந்த இடத்தில் விட்டோம் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.”

மறுநாள் காலை அவர்களுடைய படகு முதல் நீர்ப்பூட்டுக்குள் நுழைந்தது. கணவர் எஞ்சினை அணைத்தார். மனைவி கையுறை அணிந்து கயிற்றைப் பிடித்தார். கதவு மூடியது. நீர் உயரத் தொடங்கியது.

நாம் விட்டுவந்த இடம் எது என்பதை, அன்பு வாசகர்களே, நாமும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.