மாட்டிய கம்பி, சொன்ன சொல்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையில் வீட்டு வாசலில் வைத்து என் பழைய காருக்கு நானே ஸ்ட்ரட் பார் மாட்டினேன். எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் உருவாக்கிய சஸ்பென்ஷன்தான் இன்று பெரும்பாலான சின்ன கார்களின் முன்பக்கத்தில் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் ஸ்ட்ரட்டின் தலை வந்து மாட்டும் டவர்கள் தெரியும். வேகமாகத் திரும்பும்போது அவை நூலளவு அசையலாம். அதைத் தடுக்க இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பிதான் இந்த பார்.

வேலை பெரிதில்லை. வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். டவர் மேல் சுற்றியிருக்கும் மூன்று நட்டுகளைக் கழற்றி, பட்டையை வைத்து, டார்க் ரென்ச்சால் முடுக்கினால் போதும். நடு நட்டை மட்டும் தொடவே கூடாது. அழுத்திவைத்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

மறுவாரம் ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்பது போலிருந்தது. இறங்கியதும் சித்தப்பா பையனுக்கு போன் போட்டேன். "செம டிஃபரன்ஸ்டா!"

அவனும் சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒன்று வாங்கி மாட்டினான். ஒரு நாள் அவன் வண்டியில் மலை ஏறினோம். வளைவில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. "மெதுவாடா" என்றேன்.

"பார் இருக்குல்லண்ணா, ஒண்ணும் ஆகாது."

பார் டயரின் பிடிப்பைக் கூட்டாது, பிரேக் பிடிக்கும் தூரத்தையும் குறைக்காது. அது எனக்குத் தெரியும். அவனிடம் நான் சொன்னது 'செம' மட்டும்தான்.

திரும்பி வந்து ஒரு நண்பனைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரியாமல் குறுக்குக் கம்பியைக் கழற்றவோ அப்படியே விடவோ சொன்னேன். ஒரே வளைவு, ஐந்து முறை. இரண்டு முறைதான் சரியாகச் சொன்னேன். காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

அப்படியென்றால் நான் சொன்னது பொய்யா? தெரிந்தே சொல்வதுதான் பொய் என்றால், இல்லை. அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது. கையில் கிரீஸ் படிய நானே செய்த வேலை வீணாகக் கூடாது என்ற ஆசை, ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒருவன் என் பேச்சை நம்பி மலை ஏறுவான் என்றால், "எனக்குத் தோணுச்சு" என்பதற்கும் "இருக்கு" என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைச் சரிபார்க்கும் கடமை எனக்கு இருந்தது. அந்த ஐந்து ரவுண்டை போன் போடுவதற்கு முன்பே ஓட்டியிருக்க வேண்டும். என் சோம்பலுக்கான ஆபத்து அவன் தலையில் விழுந்தது.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். "உங்களுக்குத் தெரியலண்ணா. எனக்கு நல்லாவே தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா, உனக்கும் அதே சோதனை வைக்கலாம் என்றேன். சரி என்றான். இதுவரை மூன்று ஞாயிறு போய்விட்டது. நான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.